ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்ன வலி

மேற்கணக்கு,
நெலுவத்தைத் தோட்டம்,
பதுளை.
13.10.1978

எங்கள் மூத்த மகள் பாக்கியலெட்சுமிக்கு அம்மாவும் அப்பாவும் மனம் நிறைந்த ஆசியோடு எழுதிக்கொள்வது. மாரியம்மன் துணையால் இங்கே நம் லயத்துக் காம்பிரா வீட்டில் அடுப்பு எரிகிறது, எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், கொழும்பில் நீயும் உன் டொக்டரம்மா வீட்டாரும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். என் தங்கமே, உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உனக்கு மூக்கு ஒழுகித் தடிமனும் காய்ச்சலும் வந்தபோது டொக்டரம்மாவே உன் நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்து, நீ பார்த்துக்கொள்ளும் குழந்தையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உன்னை இரண்டு நாள் படுக்கச் சொன்னார் என்றும், குடிக்கக் கஞ்சி அனுப்பினார் என்றும் எழுதியிருந்தாய், அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவள் செய்ய வேண்டியதை அந்த மகராசி செய்திருக்கிறார், அவர் மனம் கோணாமல் நடந்துகொள். இங்கே ஒரே மழை. கூரைத் தகரம் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, அப்பா தார் வாங்கி அடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு இப்போது தேயிலை கவ்வாத்து வெட்டும் வேலை, கை காய்த்துப் போய்ச் சோறு பிசைய முடியவில்லை என்கிறார். பக்கத்துக் காம்பிரா அங்கம்மாவின் பசு கன்று போட்டது, சீம்பால் கொண்டுவந்து கொடுத்தாள், உனக்குப் பிடிக்குமே என்று நினைத்தேன், எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நீ தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் உடனே துவட்டிக்கொள், கொழும்புத் தண்ணீர் நம் மலைப் பீலித் தண்ணீர் மாதிரி இல்லையாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போகாதே. கடைத்தெருவுக்குத் தனியாக அனுப்பினால் போகாதே, வேலைக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு போ. தங்கச்சி வயிற்று வலி என்றாள், நேற்று மீரியகல்லை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், டொக்டர் ஐயா நன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. தீபாவளிக்கு லீவு கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே கண்ணு.

அக்கா, இதற்கு மேல் எழுதுவது அம்மா இல்லை, நான் தெய்வானை. மேலே உள்ளதெல்லாம் சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே சொல்ல நான் எழுதியது. விடிந்ததும் ஒட்டித் தப்பால்காரரிடம் கொடு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். நான் குப்பி லாம்பைக் கதவோரம் வைத்துக்கொண்டு குனிந்து எழுதுகிறேன், நிமிர்ந்தால் வலிக்கிறது. ஒன்றுமில்லை என்ற அந்த வரியை எழுதும்போதும் இப்படித்தான் வலித்தது. என் இடது கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, அம்மா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு "எழுதிட்டியா, அடுத்து தீபாவளியப் பத்தி எழுது" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று என் கையாலேயே உனக்கு எழுதிவிட்டேன். அது பொய் அக்கா. அம்மா பொய் சொல்லவில்லை, டொக்டர் சொன்னதைத்தான் சொன்னாள், ஆனாலும் அது பொய். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

உனக்கு எழுதும்போது மட்டும் அம்மாவின் குரல் வேறு மாதிரி ஆகிவிடுகிறது, அது உனக்குத் தெரியாது, தூரத்தில் இருப்பதால் நீ கேட்டதில்லை. என் தங்கமே என்று எழுது என்பாள், கண்ணு என்று எழுது என்பாள், நான் எழுதுவேன். என்னைக் கூப்பிடுவது ஏய் சின்னவளே என்றுதான். அந்த வார்த்தைகளை எழுதும் இடத்தில் ஒவ்வொரு தரமும் என் பேனா கொஞ்சம் நிற்கும். அம்மா வாயிலிருந்து வருவதை என் கையால் எழுதி உனக்கு அனுப்புகிறேன், எனக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. உன் கடிதம் வந்த புதன்கிழமை காலையிலேயே எனக்கு வலி தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது, மத்தியானம் வாந்தி வந்தது, டீச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னார். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை மேடும் ஏறி வந்தேன். அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கூடையைக்கூட இறக்காமல், உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வந்துட்டியா, வா வா, படி" என்றாள். படித்தேன். அங்கம்மா சின்னம்மா வந்தார், திரும்பப் படித்தேன். அப்பா வந்தார், திரும்பப் படித்தேன். தடிமனுக்கு உனக்கு இரண்டு நாள் படுக்கை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று உன் தடிமனை மூன்று தரம் வாசித்தேன். அந்த நேரம் உன்மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் வாயில் வைத்த கண்ணாடிக் குழாய் உடைந்து போகட்டும் என்றுகூட நினைத்தேன். மூன்றாந்தரம் முடிக்க முடியாமல் கீழே உட்கார்ந்த பிறகுதான் "என்னாடி உனக்கு" என்று அம்மா கேட்டாள்.

அன்றிரவு முழுவதும் வாந்தி. அங்கம்மா சின்னம்மா குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவிவிட்டார், வலி இன்னும் கூடியது. காலையில் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதிக் கொடுத்தார், தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறி மீரியகல்லை வழியாகப் போகிறது, அதில் போங்கள் என்றார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா, என்னை உட்கார வைத்து எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்து, ட்ரங்குப் பெட்டியைத் திறந்து உன் ஊதாப் பாவாடையையும் தாவணியையும் எடுத்தாள். நீ வந்தால் உடுத்த என்று பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கும் அதேதான். நான் எத்தனையோ தரம் கேட்டும் தொடவிடாதது. எதற்கு என்று கேட்டேன். "லயத்துக் கோலத்துல போனா டொக்டரு தொட்டுப் பாப்பாராடி. மூத்தவள ஒருக்கா காய்ச்சலோட தூக்கிக்கிட்டுப் போனேன், தள்ளி நில்லு, மணக்குதுன்னு வெரட்டிட்டாங்க. சுத்தமா போனா மதிப்பாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் பொட்டு வைத்தாள். எனக்கு நடக்க முடியாத வலி, ஆனாலும் உன் தாவணியைப் போட்டதும் சந்தோஷமாக இருந்தது அக்கா. மறைக்க மாட்டேன், இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரமாக வருகிறவர்களைப் பார்க்கும் அறைக்குள், துண்டைப் பார்த்துவிட்டு எங்களை விட்டார்கள். அம்மா வாசலிலேயே என் காதில் "ஐயா தொடும்போது கத்திக் கித்தி வச்சிடாத, கோவிச்சுக்குவாரு" என்று சொன்னாள். டொக்டர் வயது குறைந்தவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு, விடிய விடிய விழித்திருந்தவர்போல் கண் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலுமாரி இருந்தது, அதில் நான் தெரிந்தேன். உன்னைப் போலவே இருந்தேன். எனக்கே தெரியாமல் சிரித்துவிட்டேன், அந்த நேரம் பார்த்து அவர் நிமிர்ந்தார். "நல்ல வடிவா வெளிக்கிட்டு வந்திருக்கிறீர். ஆருக்கு வருத்தம், தாய்க்கோ மகளுக்கோ" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "இப்ப எப்பிடி இருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கே தெரியும், நாம் எல்லோரும் சொல்வதுதான். "இப்ப பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அப்பா காலில் கத்தி பட்டு இரத்தம் ஓட நின்றபோது தோட்டத்துத் துரை எப்படி இருக்கிறது என்று கேட்டார், அப்பாவும் பரவாயில்லைங்க தொரை என்றுதானே சொன்னார். பெரியவர்கள் கேட்டால் வாய் தானாக அதைச் சொல்லிவிடுகிறது. டொக்டருக்கு அது தெரியவில்லை. பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டார்.

கட்டிலில் படுக்கச் சொல்லி, தாவணிக்கு மேலேயே இரண்டு விரலால் அழுத்தினார். உயிர் போனது, உதட்டைக் கடித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். எப்பவிருந்து என்று கேட்டார். அம்மா உடனே "மூத்தவ கடுதாசி வந்த அன்னையிலருந்துங்க ஐயா. எம்மூத்த பிள்ளை கொழும்புல உங்களாட்டம் ஒரு டொக்டரம்மா வீட்டுலதாங்க இருக்கா" என்று தொடங்கி, உன் தடிமன், கண்ணாடிக் குழாய், கஞ்சி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் கட்டிலில் கிடக்கிறேன், அம்மா உன்னைப் பற்றிச் சொல்கிறாள். டொக்டர் சிரித்துவிட்டார். "விளங்குது, விளங்குது. தமக்கைக்குத் தெர்மாமீற்றர் வைச்சவை, இவவுக்கு ஒருத்தரும் வைக்கேல்லை. அதுதான் இவவின்ர வருத்தம். ஏன் பிள்ளை, சோதினையும் வருகுதோ" என்றார், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேனாம். பக்கத்தில் நின்ற மருந்து கட்டும் பெண்ணும் சிரித்தாள். "ஒண்டுமில்லை அம்மா, கலவை எழுதிறன், வாங்கிக் குடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தக் கண்ணாடிக் குழாய் அவர் மேசையிலேயே ஒரு குவளைக்குள் நின்றது அக்கா. எடுத்து என் வாயில் வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும், என் உடம்பு அப்போது அடுப்பு மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. உன்மேல் எனக்குப் பொறாமைதான். பார்த்த உடனே அதைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கலவை மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றபோதுதான் அவளைக் கொண்டுவந்தார்கள். பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவரின் மகள், ஜெனீரா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். வீட்டுச் சட்டையோடு, தலை கலைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தாள். "உம்மோ, ஏலா வாப்பா, ஏலா" என்று, தாங்க முடியாமல் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். அவள் வாப்பா அவளைவிடச் சத்தம். "டொக்டர், எண்ட புள்ள மவுத்தாகப் போகுது, நீங்க குந்திக்கொண்டா ஈக்கிறீங்க, எழும்பி வாங்க" என்று மேசையிலே தட்டினார். அதே டொக்டர் எழுந்து ஓடி வந்தார். திரையை இழுத்தார்கள், கண்ணாடிக் குழாய் வைத்தார்கள், பெரிய டொக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள், தள்ளுகட்டிலில் வெள்ளைச் சீலை போர்த்தி எங்களைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள். அவள் வயிற்றின் வலப்பக்கம் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என் கையும் அப்போது அதே இடத்தில்தான் இருந்தது. குடலில் ஒரு துண்டு பழுத்துவிட்டதாம், உடனே வெட்டி எடுக்காவிட்டால் உள்ளே வெடித்துவிடுமாம், மருந்து கட்டும் பெண் பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னாள். அவள் வயிற்றை வெட்டித் தைக்கப் போகிறார்கள், அக்கா, எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கட்டில்மேல், அந்த வெள்ளைச் சீலைமேல், மேசையில் தட்டும் அந்த வாப்பாமேல். அம்மா, எனக்கும் அங்கேதான் வலிக்கிறது என்று சொன்னேன். "சும்மா இருடி, அடுத்தவங்க நோவப் பாத்து ஆசப்படுவாங்களா" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

திரும்பும்போது லொறி இல்லை. சந்தி வரைக்கும் பஸ், பிறகு குறுக்கு வழியில் ஏற்றம். கோயிலடியில் விழுந்துவிட்டேன். அம்மா குனிந்து என்னைக் கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டாள். இந்த வயதில் என்னைச் சுமந்து அந்த மேடு முழுவதும் ஏறினாள், மூச்சு இரைத்தது, நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அம்மாவோடு இவ்வளவு நெருங்கி இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்போது அம்மா மெதுவாகச் சொன்னாள், "மூத்தவ இருந்திருந்தா அந்த டொக்டருக்கிட்ட நாலு வார்த்தை பேசியிருப்பா." என்னை முதுகில் வைத்துக்கொண்டும் உன்னைத்தான் நினைத்தாள்.

இன்று காலை டொக்டர் சொன்னபடி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். வலது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, பாதி வழியில் தேயிலைக்குள் போய்ப் படுத்துக் கிடந்துவிட்டு, பிள்ளைகள் திரும்பும் நேரம் வீட்டுக்கு வந்தேன். கலவை மூன்று தரம் குடித்தேன், மூன்று தரமும் வாந்தியாகிவிட்டது. இப்போது வயிறு பலகை மாதிரி இருக்கிறது, உடம்பு நடுங்குகிறது. அங்கே தேயிலைக்குள் கிடந்தபோது ஒன்றே ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை இருக்கிறது, அது உண்மை. அதனால் என் வலி பொய்யாகிவிடுமா? இரண்டும் ஒருத்திக்கு இருக்கக் கூடாதா? உன் டொக்டரம்மாவிடம் கேட்டு எழுது என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் யோசித்தேன், இது கொழும்புக்கு வந்து, நீ அவரிடம் கேட்டு, பதில் எழுதி, அது மலையேறி வரும்வரை நான் தாங்க மாட்டேன். இதற்கும் உன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி. அம்மாவுக்கு நீ இருந்தால்தான் வாய் வரும், அப்பாவுக்கு எப்போதும் வாய் வராது. ஆகையால் நானே கத்தப் போகிறேன்.

நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் கேட்கும், அதனால்தான் எதையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழக்கினார்கள். இன்றைக்கு எல்லாக் காம்பிராவும் கேட்கட்டும். அங்கம்மா சின்னம்மா வரட்டும், கங்காணி வரட்டும், லொறி டிரைவரை எழுப்பட்டும். அம்மா வாயைப் பொத்த வருவாள், கையைக் கடித்தாவது கத்துவேன். உன் தாவணியைக் கேட்க மாட்டேன், இந்த வாந்திச் சட்டையோடு, தலையை விரித்துக்கொண்டே போவேன். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், துரையே வந்து கேட்டாலும், செத்துப் போகிறேன் என்றுதான் சொல்வேன். அம்மா அப்போதும் உன் பெயரைச் சொல்லி அழலாம். அழட்டும், என்னைப் பிடித்துக்கொண்டு அழட்டும்.

அக்கா, கண்ணாடிக் குழாய் உடையட்டும் என்று நினைத்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்குத் தடிமன் வரும்போதெல்லாம் யாராவது உன்னைப் படுக்க வைக்க வேண்டும், அம்மன் அதைப் பார்த்துக்கொள்வாள். சின்னவள் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள், நான் வாழ்த்துகிறேன், நீ நன்றாக இரு. அம்மாவைக் கோபித்து எழுதிவிடாதே, என்னைச் சுமந்ததில் அவளுக்கு இன்றைக்கும் இடுப்பு நிமிரவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் நீ எழுதும் கடிதத்தில் அம்மா அப்பாவுக்கு என்று தொடங்கும் இடத்தில் என் பெயரையும் எழுது. யார் அதை வாசித்தாலும் தெய்வானை என்று ஒரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டி வரும், அம்மா காதில் அது விழட்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் கூட்டி வாசித்துக்கொள். இதை உறைக்குள் போட்டு ஒட்டியதும் கத்துவேன்.

இப்படிக்கு,
அம்மா அப்பாவுக்காக எழுதியவளும் உன் தங்கையுமான
ந. தெய்வானை